உள்ளே இருப்பவரா, வெளியிலிருந்து வருபவரா: ஒரே கேள்வித்தாள் மட்டும் நியாயம் ஆகிவிடுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு டீம் லீடர் இடம் காலியாகியிருக்கிறது. ஐந்து வருடமாக அதே டீமில் இருப்பவர் ஒருவர், கடந்த சில மாதங்களாக அந்தப் பொறுப்பையும் சேர்த்தே பார்த்துவருகிறார். அவரும் விண்ணப்பித்திருக்கிறார். வெளியிலிருந்து வந்தவற்றில் ஒரு ரெஸ்யூமே அவருடையதைவிட ஒரு படி மேலே தெரிகிறது. "இருவருக்கும் ஒரே கேள்விகள், ஒரே மதிப்பெண் தாள். யார் அதிகம் வாங்குகிறாரோ அவருக்கு வேலை. இதைவிட நியாயம் என்ன இருக்கிறது?" என்கிறது எச்.ஆர். கேட்ட மேலாளருக்கு இதில் ஏதோ இடிக்கிறது, எது என்று பிடிபடவில்லை. வெளியிலிருந்து வருபவரிடம் 'உள்ளே ஒருவர் போட்டியில் இருக்கிறார்' என்று சொல்ல வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார்.

ஒரே கேள்விகள் கேட்பது சரிதான், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் அது பாதி வேலைதான். இடிப்பது எங்கே என்றால், இருவரைப் பற்றியும் உங்கள் கையில் இருக்கும் தகவல் ஒரே ரகம் இல்லை. ஒருவரைப் பற்றி ஐந்து வருட ஞாபகம் இருக்கிறது, அதில் பாதி மற்றவர்கள் சொல்லிக் கேட்டது. இன்னொருவரைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது, அதை எழுதியவர் அவரே. இந்த இரண்டையும் அப்படியே ஒரு மேஜையில் வைத்துவிட்டு, மேலே ஒரே கேள்வித்தாளைப் போட்டால் சமம் வந்துவிடாது. இருவரைப் பற்றியும் ஒரே ஆழத்துக்கு, ஒரே வகையான சான்றைத் திரட்டுவதுதான் உங்கள் வேலை. மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

அதற்கு முன் உங்களிடமே ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இடம் உண்மையிலேயே திறந்திருக்கிறதா? உள்ளே இருப்பவருக்குத்தான் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டதென்றால், வெளியாட்களைக் கூப்பிடாதீர்கள். அவர்கள் இருக்கும் வேலையில் பொய்க்காரணம் சொல்லி லீவு போட்டு வருகிறார்கள், ராத்திரி உட்கார்ந்து தயாராகிறார்கள். உங்கள் முடிவுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட அவர்களை வரவழைப்பது அநியாயம். இதன் மறுபக்கமும் நடக்கிறது, அதுதான் அதிகம் என்பேன். வெளியாள்தான் வேண்டும் என்று மேலே தீர்மானித்துவிட்டு, 'மரியாதைக்காக' உள்ளே இருப்பவரை ஒரு நேர்காணலுக்கு உட்கார வைப்பார்கள். அவருக்கு அது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கேள்வி கேட்பவர் குறிப்பு எடுக்காமல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் தெரியாது?

வெளியாட்களைக் கூப்பிடாமல் உள்ளே இருப்பவருக்கே நேரடிப் பதவி உயர்வு கொடுப்பது தப்பில்லை என்றாலும் அதற்கும் ஒரு விலை உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஜே.ஆர். கெல்லர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், உள்ளேயே ஆள் எடுக்கும்போதுகூட, மேலாளர் தனக்குத் தெரிந்த ஒருவரைக் கொண்டுபோய் உட்கார வைப்பதைவிட, இடம் காலி என்று எல்லோருக்கும் அறிவித்து விண்ணப்பம் வாங்கிய முறையில் வந்தவர்கள் நன்றாக வேலை செய்தார்கள் என்று கண்டார். காரணம் லேசாகப் புரிகிறது. அறிவித்துவிட்டால் என்ன தேடுகிறோம் என்று எழுதியாக வேண்டும், ஏன் இவர் என்று சொல்லியாக வேண்டும். மேலாளரின் கண்ணுக்குப் படாமல் பக்கத்து டீமில் இருந்த ஆளும் கை தூக்குவார்.

சரி, இடம் திறந்துதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேர்காணல் அறைக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

"சிக்கலான ஒரு வேலையை எடுத்து முடித்த அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள்." உள்ளே இருப்பவரின் பதில்: "போன வருஷம் அந்தப் பழைய டேட்டாபேஸை மாற்றினோமே சார், உங்களுக்குத்தான் தெரியுமே, எவ்வளவு பிரச்சினை வந்தது என்று. அதைச் சமாளித்தோம்." எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒருவர் சிரிப்பார். அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். மதிப்பெண் தாளில் எழுத ஒன்றுமில்லை, ஐந்துக்கு இரண்டோ மூன்றோ போடுவார்கள். வெளியிலிருந்து வந்தவர் இதே மாதிரி ஒரு வேலையைப் பற்றி ஏழு நிமிடம் பேசுவார். தொடக்கத்தில் நிலைமை எப்படி இருந்தது, யார் எதிர்த்தார்கள், தான் என்ன முடிவெடுத்தேன், எவ்வளவு நேரம் மிச்சமானது, எல்லாம் வரும். குறிப்பு எடுத்த கை வலிக்கும். ஐந்துக்கு நான்கரை.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததைத் திரும்பச் சொன்னால் அலட்டல் என்று உள்ளே இருப்பவர் கூச்சப்படுகிறார். இன்னொன்றும் கவனியுங்கள். அவர் 'நாங்கள்' என்கிறார், வெளியாள் 'நான்' என்கிறார். உள்ளே இருப்பவரால் 'நான்' என்று சொல்லிவிட்டு மறுநாள் அதே சக ஊழியர்கள் முகத்தில் விழிக்க முடியாது. அந்த வேலையில் கூட இருந்த ஒருவர் தேர்வுக் குழுவிலேயே உட்கார்ந்திருக்கலாம். வெளியாளுக்கு அந்தத் தடை இல்லை. அவருடைய 'நான்' எத்தனை பேரின் உழைப்பு என்று சொல்ல அறையில் ஆள் இல்லை.

இதற்கு மருந்து எளிது, செய்பவர்கள்தான் குறைவு. நேர்காணலுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே உள்ளே இருப்பவரிடம் சொல்லுங்கள்: "உங்களை எங்களுக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்துப் பேசுங்கள். சொல்லாத எதற்கும் மதிப்பெண் போட மாட்டோம்." நேர்காணல் வடிவம் எப்படி இருக்கும் என்ற குறிப்பை வெளியாளுக்கும் அதே நாளில் அனுப்புங்கள். அறைக்குள்ளும் 'உங்களுக்குத்தான் தெரியுமே' என்று வந்தால் நிறுத்தி, "தாளில் எழுத வேண்டும், முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள். 'நாங்கள்' என்று வந்தாலும் சரி, 'நான்' என்று வந்தாலும் சரி, அடுத்த கேள்வி ஒன்றுதான்: "இதில் உங்கள் கை பட்ட இடம் எது, மற்றவர்கள் செய்தது எது?" உள்ளே இருப்பவரின் அடக்கத்தையும் வெளியாளின் தாராளத்தையும் ஒரே கேள்வி சரிக்கட்டிவிடும்.

இந்தத் தராசு எதிர்ப்பக்கமும் சாயும். மதிப்பெண் போடும் நேரத்தில் உள்ளே இருப்பவரின் பழைய கணக்குகள் வெளியே வரும். "ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ரிப்போர்ட்டைத் தாமதமாகக் கொடுத்தாரே." "கொஞ்சம் முன்கோபம்." வெளியாள் எந்த ரிப்போர்ட்டைத் தாமதமாகக் கொடுத்தார் என்று யாருக்குத் தெரியும்? உள்ளூர் மாடு விலை போகாது என்பது சும்மா வந்த பழமொழி இல்லை. பார்த்த குறைக்கு மதிப்பெண் குறைகிறது, பார்க்காத குறைக்குக் குறைவதில்லை. தெரியாத இடத்தையெல்லாம் நாமே நல்லதாக நிரப்பிக்கொள்கிறோம். பிடித்த ஆளாக இருந்தால் கதையே வேறு. "நம்ம பிள்ளை, பார்த்துக்கொள்வார்" என்று இல்லாத திறமைக்கும் மதிப்பெண் விழும். இரண்டுமே ஞாபகத்தைச் சான்றாக எடுத்துக்கொள்வதால் வருவது.

நான் பரிந்துரைப்பது இது. வெளியாளின் ரெஃபரன்ஸ்களிடம், அதாவது தன்னைப் பற்றி விசாரிக்க அவர் பெயர் கொடுத்தவர்களிடம், என்ன கேட்பீர்களோ, அதே ஐந்தாறு கேள்விகளை உள்ளே இருப்பவரின் மேலதிகாரிக்கும் எழுத்தில் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். அவர் தேர்வுக் குழுவில் இருந்தாலும்கூட. முடிந்தால் குழுவில் இல்லாமல் இருப்பதே மேல். ஏனென்றால் வெளியாளின் ரெஃபரன்ஸ் தொலைபேசியில் பத்து நிமிடம் பேசிவிட்டுப் போய்விடுவார், உள்ளே இருப்பவரின் ரெஃபரன்ஸோ அறையில் நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு பதிலுக்கும் முகம் காட்டுகிறார். அந்த முகம் மற்றவர்களின் பேனாவை நகர்த்தும். எழுத்தில் வாங்கினால் 'கொஞ்சம் முன்கோபம்' என்று போகிறபோக்கில் சொல்ல முடியாது. எப்போது, என்ன நடந்தது, அப்புறம் மாறினாரா என்று எழுத வேண்டியிருக்கும். எழுத முடியாவிட்டால் அது வதந்தி, கணக்கில் சேராது.

வெளியாள் பக்கம் சான்றின் ஆழத்தைக் கூட்ட வேண்டும். அவர் கொடுத்த இரண்டு பெயர்கள் அவரைப் புகழத்தான் போகிறார்கள். அவருடைய பழைய மேலதிகாரி ஒருவர், அவருக்குக் கீழே வேலை செய்த ஒருவர் என்று வகையைச் சொல்லிக் கேளுங்கள். டீம் லீடர் வேலைக்கு, கீழே இருந்தவர் சொல்வதுதான் தங்கம். தற்போது வேலை செய்யும் இடத்துக்கு மட்டும் அவர் சம்மதமில்லாமல் போன் போடாதீர்கள், ஒரு ஆளின் பிழைப்பில் கை வைத்த பாவம் வந்து சேரும்.

எதை வைத்து மதிப்பிடுவது என்ற அளவுகோலுக்கு வருகிறேன். பெயர்களைப் பார்ப்பதற்கு முன்பே அதை எழுதி முடித்துவிட வேண்டும். எல்லோரும் சொல்லும் அறிவுரைதான், ஆனால் ஏன் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. எரிக் உல்மன், ஜெஃப்ரி கோயன் என்ற இருவர் 2005-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். போலீஸ் தலைமை அதிகாரி பதவிக்கு ஓர் ஆண், ஒரு பெண். ஒருவருக்குப் படிப்பு அதிகம், இன்னொருவருக்குத் தெருவில் இறங்கி வேலை செய்த அனுபவம் அதிகம். மதிப்பிட்டவர்கள் பாரபட்சம் பார்ப்பதாக நினைக்கவே இல்லை. தங்கள் மனம் சாய்ந்த ஆளிடம் எது இருந்ததோ, அதுதான் இந்த வேலைக்கு முக்கியம் என்று அளவுகோலையே நகர்த்திக்கொண்டார்கள். விண்ணப்பங்களைக் காட்டுவதற்கு முன்பே எது முக்கியம் என்று சொல்லவைத்தபோது அந்தப் பாகுபாடு காணாமல் போனது.

உங்கள் விஷயத்தில் அளவுகோல் இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, 'நம் சிஸ்டம் தெரிந்திருக்க வேண்டும், நம் நடைமுறை தெரிந்திருக்க வேண்டும்'. இந்தத் தகுதி உள்ளே இருப்பவருக்கு மட்டும்தான் இருக்க முடியும். இதை எழுதிய நிமிடமே போட்டி முடிந்துவிட்டது. இன்னொன்று, 'புதிய பார்வை வேண்டும்'. இது வெளியாளுக்கு மட்டுமே. இரண்டையும் ஒரே கேள்வியால் சோதியுங்கள். சிஸ்டத்தைக் கற்றுக்கொள்ள ஒரு நல்ல ஆளுக்கு எவ்வளவு காலம் ஆகும்? நான்கு வாரம் என்றால் அது அளவுகோலே இல்லை, அடித்துவிடுங்கள். ஒரு வருடம் ஆகும், அந்த ஒரு வருடம் வாடிக்கையாளர்கள் பொறுக்க மாட்டார்கள் என்றால் அது நியாயமான தேவைதான். விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள், வெளியாட்கள் பார்த்து முடிவு செய்யட்டும். புதிய பார்வை என்றால் எதைப் பற்றி? எந்தப் பிரச்சினையை உங்கள் ஆட்களால் மூன்று முறை முயன்றும் தீர்க்க முடியவில்லை? அதைச் சொல்ல முடிந்தால், அதையே நேர்காணல் கேள்வியாக்கி இருவரிடமும் கேளுங்கள். உள்ளே இருப்பவரிடமிருந்து புதிய பதில் வரலாம். இத்தனை நாள் அவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பிரச்சினையைச் சொல்ல முடியாவிட்டால், 'புதிய பார்வை' என்பது 'இவர் வேண்டாம்' என்பதன் நாகரிக வடிவம்.

வருடக் கணக்கையும் அளவுகோலாக வைக்காதீர்கள், அது உள்ளே இருப்பவரின் ஐந்து வருடமானாலும் சரி, வெளியாளின் பன்னிரண்டு வருடமானாலும் சரி. பால் சாக்கெட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2022-ல் பழைய ஆய்வுகளையெல்லாம் மறுபடி கணக்குப்போட்டுப் பார்த்தபோது, வேலைத் திறனை முன்கூட்டியே ஊகிக்க உதவும் முறைகளில் முதலிடத்தில் வந்தது கட்டமைக்கப்பட்ட நேர்காணல்தான், அதாவது எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே முறையில் மதிப்பெண் போடுவது. தொடர்பு அளவு 0.42 (முழுப் பொருத்தம் என்றால் 1). அனுபவ ஆண்டுகள் ஏறக்குறைய அடிமட்டத்தில் கிடந்தன. ஒரே கேள்விகளை விடாதீர்கள் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதுதான் காரணம். குழுவில் ஒவ்வொருவரும் பேச்சு தொடங்குவதற்கு முன் தனித்தனியாக மதிப்பெண் எழுதிவிட வேண்டும். அப்புறம் ஆள் ஆளாக அல்ல, கேள்வி கேள்வியாக இருவரின் பதிலையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். ஐரிஸ் போனெட்டும் சகாக்களும் 2016-ல் வெளியிட்ட சோதனையில், ஆட்களைத் தனித்தனியாக மதிப்பிடும்போது முன்முடிவுகள் ஓங்கின, பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது செய்த வேலை பேசியது.

நேர்காணலோடு ஒரு சின்ன வேலையையும் கொடுத்துப் பாருங்கள் என்பேன். டீமில் இருவருக்குள் தகராறு, கெடு நெருங்குகிறது, ஒருவர் லீவில் இருக்கிறார் என்பது போன்ற ஒரு சூழல். வாரத் திட்டம் போட வேண்டும். ஆனால் உங்கள் அலுவலகத்தில் நிஜமாகவே நடந்ததை எடுக்காதீர்கள், உள்ளே இருப்பவருக்கு விடை தெரிந்திருக்கும். நிஜத்தை எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், தேவையான பின்னணி முழுவதையும் கோப்பாக்கி இருவருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடுங்கள்.

பொறுப்பு பார்த்த மாதங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உள்ளே இருப்பவர் ஏமாறும் இடம் பெரும்பாலும் இதுதான். பொறுப்பாக இருந்த காலத்தை 'ஒத்திகை' என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த ஒத்திகையில் அவருக்கு என்ன அதிகாரம் இருந்தது? லீவு அனுமதிக்க முடிந்ததா? ஆள் கேட்க முடிந்ததா? ஒரு வேலையை 'இது நம்மால் ஆகாது' என்று மறுக்க முடிந்ததா? பல இடங்களில் பொறுப்புக்காரருக்குப் பழைய வேலையும் அப்படியே இருக்கும், புதிய வேலையின் தலைவலி மட்டும் கூடும், கையெழுத்து வேறொருவருடையது. அப்படி இருந்துவிட்டு, 'டீமில் பெரிய மாற்றம் எதையும் கொண்டுவரவில்லை' என்று மதிப்பெண் குறைப்பது என்ன கணக்கு? அதிகாரம் இருந்த விஷயங்களில் என்ன செய்தார் என்று மட்டும் பாருங்கள். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அந்த மாதங்களில் ஓட்டம் நிற்காமல் போயிற்று என்பதே 'இவரால் முடியும்' என்பதற்குச் சான்றாகிவிடாது. சில டீம்கள் யார் இருந்தாலும் கொஞ்ச நாள் பழைய வேகத்தில் ஓடும்.

ஆய்வுகள் யார் பக்கம் என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளி ஆய்வாளர் மாத்யூ பிட்வெல் 2011-ல் ஒரு முதலீட்டு வங்கியின் ஊழியர் தரவை வைத்து எழுதியது இந்த விவாதத்தில் அடிக்கடி வரும். ஒரே மாதிரி வேலைக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கு, உள்ளிருந்து உயர்ந்தவர்களைவிடச் சுமார் 18 சதவீதம் சம்பளம் அதிகம். முதல் இரண்டு ஆண்டுகள் அவர்களுடைய பணி மதிப்பீடு குறைவு. தாங்களே விட்டுப்போவதும், நீக்கப்படுவதும் அதிகம். ஆனால் அவர்களுக்குத்தான் படிப்பும் அனுபவமும் தாளில் கூடுதல்! உங்கள் கையில் இருக்கும் ரெஸ்யூமே மேலே தெரிவதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். வெளியாளைப் பற்றி எளிதில் பார்க்க முடிவது தாள்தான், அதனால் தாளில் கூடுதலாகக் கேட்கிறோம். போரிஸ் க்ரோய்ஸ்பெர்க் குழு 2004-ல் எழுதியதும் இதே பக்கம்தான். பங்குச்சந்தை ஆய்வாளர்களில் நட்சத்திரங்களான 1,052 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், நிறுவனம் மாறியவர்களில் 46 சதவீதம் பேரின் திறன் அடுத்த ஆண்டே சரிந்தது. அவர்கள் வெற்றியில் ஒரு பங்கு பழைய இடத்தின் ஆட்களுக்கும் கருவிகளுக்கும் உரியது, அதைப் பெட்டியில் போட்டு எடுத்துவர முடியவில்லை.

இதை வைத்து 'உள்ளே இருப்பவரே எப்போதும் மேல்' என்று கிளம்பிவிடாதீர்கள். பிட்வெல் பார்த்தது ஒரே ஒரு வங்கியை. அங்கேயும் இரண்டு ஆண்டு தாக்குப்பிடித்த வெளியாட்கள் பிறகு வேகமாக மேலே போனார்கள். டீம் லீடர் வேலைக்கு இன்னொரு பொறியும் இருக்கிறது. ஆலன் பென்சன், டேனியல் லீ, கெல்லி ஷூ மூவரும் விற்பனை ஊழியர்களை வைத்து 2019-ல் காட்டியது: நன்றாக விற்றவர்களையே மேலாளர் ஆக்கினார்கள், ஆனால் விற்பனையில் எவ்வளவு கெட்டியோ, மேலாளராக அவ்வளவு சுமாராக இருந்தார்கள். உள்ளே இருப்பவர் இப்போதைய வேலையில் சூரர் என்பது அடுத்த வேலைக்கான சான்று இல்லை, பரிசும் ஆகக்கூடாது. பரிசு கொடுக்க வேண்டுமென்றால் சம்பளத்தைக் கூட்டுங்கள்.

'அடுத்தது நீங்கள்தான்' என்று யாராவது அவருக்கு வாய்வார்த்தை கொடுத்திருக்கிறார்களா என்றும் விசாரித்துவிடுங்கள். கொடுத்திருந்தால் அது நேர்காணல் மதிப்பெண்ணில் தீரும் கடன் இல்லை. கொடுத்தவர் நேரில் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும், போட்டி தொடங்குவதற்கு முன்பே.

சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் நியாயம் என்று எழுதினால் அது பாசாங்கு. பல இடங்களில் நடப்பது இது: வெளியாளுக்குச் சந்தை விலை, உள்ளே இருப்பவருக்குப் பழைய சம்பளத்தின் மேல் பத்துப் பதினைந்து சதவீதம். அதே நாற்காலி, அதே பொறுப்பு. 'உயர்வு கிடைத்ததே சந்தோஷம்' என்று அவர் வாங்கிக்கொள்வார், ஒரு வருடம் கழித்து விவரம் தெரிந்ததும் வேறு இடம் தேடுவார். விளம்பரம் போடும் முன்பே அந்த இடத்துக்கான சம்பள எல்லையை முடிவு செய்யுங்கள். யார் வந்தாலும் அதற்குள்தான். பழைய சம்பளம் என்ன என்று வெளியாளிடம் கேட்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த சம்பள வெளிப்படைத்தன்மை விதி அந்தக் கேள்வியையே தடுக்கிறது. உள்ளே இருப்பவருடையது உங்களுக்குத் தெரிந்துதான் இருக்கும், தெரியாததுபோல நடந்துகொள்ளுங்கள்.

எல்லாம் செய்தபிறகும் இருவரும் கிட்டத்தட்டச் சமமாக நின்றால்? நான் உள்ளே இருப்பவர் பக்கம் போவேன். பாசத்தால் இல்லை. எவ்வளவு தோண்டினாலும் அவரைப் பற்றிய சான்று கெட்டியானது, வெளியாளைப் பற்றியது மெல்லியது. ஒரே மதிப்பெண் என்றால் கெட்டியான மதிப்பெண்ணைத்தான் நம்ப வேண்டும். ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்வேன். டீமில் மேலே இருப்பவர்கள் எல்லோரும் ஒரே வார்ப்பாக இருந்தால், ஒரே கல்லூரி, ஒரே பின்னணி, எல்லோரும் ஆண்கள் என்று, அங்கே 'சமமானால் உள்ளே இருப்பவர்' என்ற விதி அந்த வார்ப்பையே மறுபடி மறுபடி அச்சடிக்கும். அங்கே நான் இந்த விதியைப் போட மாட்டேன். வெளியாள் தெளிவாக மேலே இருந்தால் தயங்காமல் அவரை எடுங்கள். உள்ளே இருப்பவர் மனம் கோணும் என்று குறைந்த மதிப்பெண்காரரை உட்கார வைத்தால், அதன் வலியைச் சுமப்பது டீமில் இருக்கும் மற்றவர்கள்.

ஆனால் கோணும் மனத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்பதும் தேர்வின் ஒரு பகுதிதான். கெல்லரும் கேத்ரின் ட்லூகோஸும் ஒரு பெரிய நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளில் உள்ளே விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்ட 9,000-க்கும் மேற்பட்ட நிகழ்வுகளைப் பார்த்தார்கள், 2021-ல் வெளிவந்தது. நிராகரிக்கப்பட்டவர்கள் வேலையை விடும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் அந்த இடத்துக்கான மேலாளரே நேர்காணல் செய்த பிறகு நிராகரிக்கப்பட்டவர்களிடம், அதற்கு முந்தைய கட்டத்திலேயே கழிக்கப்பட்டவர்களைவிட அந்த வாய்ப்பு பாதியாகக் குறைந்தது. வெளியாளிடம் தோற்றவர்களைவிட சக ஊழியரிடம் தோற்றவர்களிடமும் அப்படியே. 'அடுத்தமுறை எனக்கும் வழி இருக்கிறது' என்று தெரிந்தால் இருந்துவிடுகிறார்கள்.

ஆகவே வெளியாளை எடுத்தீர்களென்றால், உள்ளே இருப்பவரிடம் நீங்களே சொல்லுங்கள், அறிவிப்பு மெயில் போவதற்கு முன்பே. எச்.ஆரை அனுப்பாதீர்கள். 'போட்டி கடுமையாக இருந்தது' என்ற வார்த்தையே வேண்டாம். எந்தக் கேள்வியில், எந்தத் தகுதியில் பின்தங்கினார் என்று குறிப்புத் தாளைப் பார்த்துச் சொல்லுங்கள். அதற்குத்தான் அவ்வளவு குறிப்பு எடுத்தீர்கள். அந்தக் குறையைத் தீர்க்க என்ன வேலையை, எப்போது கொடுக்கப் போகிறீர்கள் என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், முடியாவிட்டால் 'அடுத்தமுறை கட்டாயம்' என்று காற்றில் விடாதீர்கள். பிறகு உடனே வரும் கொடுமை ஒன்று இருக்கிறது: "புதியவருக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், உங்களைவிட யாருக்குத் தெரியும்?" தெரியும் என்றால் ஏன் எடுக்கவில்லை என்று அவர் மனதுக்குள் கேட்பார், வாயால் கேட்க மாட்டார். முதல் இரண்டு வாரத்துக்கு அந்த வேலையை வேறொருவரிடம் கொடுங்கள், அல்லது அவரையே கேட்டுவிட்டுக் கொடுங்கள். பொறுப்பு பார்த்த மாதங்களுக்குக் கூடுதல் சம்பளம் பாக்கி இருந்தால் அதை முதலில் தீர்த்துவிடுங்கள்.

வெளியாள் தோற்றாலும் பதில் அனுப்ப வேண்டும். உள்ளே இருந்தவர் தேர்வானார், இன்ன தகுதியில் அவருடைய சான்று வலுவாக இருந்தது என்று இரண்டு வரி போதும். பதிலே போடாமல் விடுவதை எத்தனை நிறுவனங்கள் ஒரு முறையாகவே வைத்திருக்கின்றன என்று நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

கடைசியாக, வெளியாளிடம் முன்கூட்டியே சொல்லலாமா என்ற கேள்வி. சொல்லுங்கள். பெயர் வேண்டாம், 'இந்த இடத்துக்கு உள்ளிருந்தும் ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார், முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை' என்பது போதும். நேர்காணல் தேதி குறிக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. சிலர் விலகிக்கொள்வார்கள், அது அவர்கள் உரிமை. விலகாமல் வந்து ஜெயிப்பவருக்கு இதில் லாபம் உண்டு: தன் டீமில் இருக்கும் ஒருவர் இதே நாற்காலிக்குப் போட்டியிட்டவர் என்பதைச் சேர்ந்து ஒரு மாதம் கழித்துக் கேன்டீனில் யார் வாயிலிருந்தோ கேட்க வேண்டியதில்லை. முதல் வாரத்திலேயே அவரோடு தனியாக உட்கார்ந்து பேசிவிடலாம்.